இரத்தத்தில் இறங்கிய காளான்



"காளான் வியாதியா? அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?" இந்தத் தலைப்பை நிகழ்ச்சிக் கூட்டத்தில் நான் முன்வைத்தபோது சக ஊழியர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர்கள் மேல் தவறில்லை. பூஞ்சைக் காளான் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது என்ன? முதுகில் படரும் தேமல், இடுப்பில் அரிக்கும் படர்தாமரை, மழைக் காலத்தில் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண். மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினால் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால், அதே காளான் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்று தோலை விட்டு இரத்தத்தில் இறங்கினால்? அப்போது கதையே வேறு. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் அப்படிப்பட்ட நோய் கண்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் உயிர் பிழைப்பதில்லை. அவர்கள் ஏற்கெனவே கடுமையாக நோயுற்றவர்கள் என்பதால் எந்த மரணம் காளானால் வந்தது, எது மூல நோயால் வந்தது என்று பிரித்துச் சொல்வது டாக்டர்களுக்கே சிரமம்.

இன்றைய கருத்துமேடையில் நான் மருத்துவம் பேசப் போவதில்லை. அதற்குத் தகுதியான டாக்டர்கள் மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இதன் வரலாறு. இந்தக் காளான் எங்கிருந்தோ படையெடுத்து வந்த எதிரி அல்ல. அது இரத்தத்துக்குள் போக வழி அமைத்துக் கொடுத்ததே நம்மைக் காப்பாற்ற வந்த நவீன மருத்துவம்தான் என்பது அந்த வரலாற்றைப் படிக்கும்போது தெரிய வருகிறது.

கேண்டிடா என்பது இந்தக் கூட்டத்தின் பெயர். இலத்தீன் மொழியில் வெண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1923ஆம் ஆண்டில் கிறிஸ்டீன் பெர்க்ஹவுட் என்ற நெதர்லாந்துப் பெண் ஆய்வாளர் வைத்த பெயர். பச்சைக் குழந்தையின் நாக்கில் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளையாகப் படியுமே, அதுவும் இதன் வேலைதான். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டுக்கு இது தூரத்துச் சொந்தம். நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் இது சாதுவாக வாழ்ந்து கொண்டிருக்கிறது. உங்கள் உடம்பில் இருக்கலாம், என் உடம்பிலும் இருக்கலாம்.

அப்படியானால் அது ஏன் எல்லாருடைய இரத்தத்திலும் நுழையவில்லை? மூன்று காவல்கள் இருக்கின்றன. குடலிலும் வாயிலும் நல்ல பாக்டீரியாக்கள் கூட்டமாக இருந்து காளானுக்கு இடம் விடுவதில்லை. தோலும் குடலின் சுவரும் மதில் போல் நிற்கின்றன. இரண்டையும் தாண்டி வருவதை இரத்தத்தின் வெள்ளணுக்கள் விழுங்கி விடுகின்றன. கடந்த எண்பது ஆண்டுகளில் நோயாளியைப் பிழைக்க வைப்பதற்காகவே இந்த மூன்று காவல்களையும் நாம் ஒவ்வொன்றாக விலக்கியிருக்கிறோம்!

முதல் காவல் விலகியது

பென்சிலினைத் தொடர்ந்து 1940களின் இறுதியில் பலவகைக் கிருமிகளை ஒரே அடியில் கொல்லும் ஆன்ட்டிபயாட்டிக் மருந்துகள் வந்தன. நிமோனியாவில் செத்துப் போக வேண்டியவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் அந்த மருந்துகளுக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பேதம் தெரியாது. காளானையோ அவை தொடுவதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் காலி செய்துவிட்டுப் போன தெருவில் தனியாக நின்றவனுக்குக் கொண்டாட்டம்தானே! மருந்து சாப்பிட்டவர்களின் வாயிலும் குடலிலும் காளான் பெருகியது.

இதற்கு மாற்று தேடியவர்கள் இரண்டு பெண்கள். நியூ யார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும். ஒருவர் நியூ யார்க் நகரில், மற்றவர் தொலைவில் ஆல்பனி நகரில். ஒருவர் மண்ணிலிருந்து நுண்ணுயிரைப் பிரித்துக் கண்ணாடி ஜாடியில் போட்டுத் தபாலில் அனுப்புவார். மற்றவர் அதிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். இப்படித் தபால்காரர் தயவில் நடந்த ஆராய்ச்சி அது! வெர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் பால் பண்ணையில் எடுத்த மண்ணில் அவர்கள் தேடியது கிடைத்தது. 1950இல் உலகுக்கு அறிவித்தார்கள். தங்கள் மாநிலத்தின் பெயரையே மருந்துக்கு வைத்தார்கள். அதுதான் நிஸ்டாட்டின். அதில் வந்த உரிமைத் தொகை 1 கோடியே 30 லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல். ஒரு காசைக்கூடத் தமக்கென்று எடுத்துக்கொள்ளாமல் அத்தனையையும் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். இவர்கள் பெயர் பள்ளிப் பாடநூலில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1950களின் நடுவில் ஆன்ட்டிபயாட்டிக்கையும் நிஸ்டாட்டினையும் ஒரே மாத்திரையில் சேர்த்து மிஸ்டெக்ளின் என்ற பெயரில் விற்றார்கள். காளானை வளர்க்கும் மருந்தும் அதை அடக்கும் மருந்தும் ஒரே உறைக்குள்! நிஸ்டாட்டினுக்கு ஒரு குறையும் உண்டு. வாயிலும் தோலிலும் குடலிலும் வேலை செய்யும். ஊசியாக இரத்தத்தில் ஏற்றினால் அதுவே நஞ்சு. இரத்தத்துக்கென்று தேடியபோது வெனிசுவேலாவின் ஒரினோக்கோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து ஆம்போடெரிசின் கிடைத்தது. காளானைக் கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் கொடுக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

குழாய் வழியே ஒரு பாதை

இரண்டாவது காவல் தோல். 1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக் என்ற அறுவை மருத்துவர் நாய்க்குட்டிகளுக்கு வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் பெரிய இரத்தக் குழாய் வழியாகவே முழு உணவும் செலுத்தி வளர்த்துக் காட்டினார். குடல் வேலை செய்யாத குழந்தைகளும் பெரியவர்களும் அதனால் பிழைத்தார்கள். எத்தனை பெரிய சாதனை! ஆனால் நெஞ்சுக்கு அருகே பெரிய நாளத்துக்குள் வாரக்கணக்கில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்க வேண்டும். அதன் வழியே சர்க்கரை நிறைந்த திரவம் ஓட வேண்டும். இந்த முறையில் உணவூட்டப்பட்ட நோயாளிகளின் இரத்தத்தில் காளான் கண்டதாக 1971ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழில் கட்டுரை வந்துவிட்டது.

அந்தக் குழாயின் உட்புறத்தில் காளான் பாசி போல் படர்ந்து ஒட்டிக்கொள்ளும். கிணற்றுப் படியில் பாசி பிடித்தால் வாளித் தண்ணீர் ஊற்றினால் போகுமா? மருந்து மேலே ஓடும், அடியில் இருப்பது அப்படியே இருக்கும். இரத்தத்தில் காளான் என்று தெரிந்தவுடன் டாக்டர்கள் முடிந்தவரை குழாயை எடுத்துவிடப் பார்ப்பது இதனால்தான்.

மூன்றாவது காவலான வெள்ளணுக்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புற்றுநோய் மருந்தும், மாற்று உறுப்புப் பொருத்தியவர்களுக்குக் கொடுக்கும் மருந்தும், ஸ்டீராய்டும் அவற்றைக் குறைக்கின்றன அல்லது முடக்குகின்றன. இதோடு சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்பவர்கள், நீண்ட நாள் இனிப்பு நீர் உள்ளவர்கள், எடை குறைந்து பிறந்த சிசுக்கள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் சமுதாயத்தில் இனிப்பு நீரும் டயாலிசிசும் எந்தத் தெருவில் இல்லை?

விளைவு எப்படி இருந்தது? அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2003இல் வெளிவந்தது. 1979 முதல் 2000 வரை, காளானால் இரத்தம் நஞ்சாகும் சம்பவங்கள் 207 விழுக்காடு அதிகரித்திருந்தன. அந்நாட்டு மருத்துவமனைகளில் இரத்தத் தொற்றுக்குக் காரணமான கிருமிகளின் வரிசையில் கேண்டிடா நான்காம் இடத்துக்கு வந்திருந்தது.

இதற்கிடையில் 1990இல் ஃபுளுகோனசோல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாத்திரையாகக் கொடுக்கலாம், சிறுநீரகத்துக்கும் பெரிய தொல்லையில்லை. தாராளமாகக் கொடுத்தார்கள். நோய் வருமுன்பே தடுப்பாகவும் கொடுத்தார்கள். அந்த மருந்துக்கு அடங்கும் காளான்கள் குறைந்தன, அடங்காத இனங்கள் அந்த இடத்துக்கு வந்தன. 2001இல் கேஸ்போஃபங்கின் வந்தது. ஆக, இரத்தத்தில் இறங்கிய காளானுக்கு டாக்டர்கள் கையில் இன்றுள்ள முக்கிய மருந்துக் குடும்பங்கள் மூன்றே மூன்று. பாக்டீரியாவுக்கு இருப்பதைப் போல் டசன் கணக்கில் இல்லை. காளானின் உயிரணு நம் உயிரணுவுக்கு நெருங்கிய அமைப்பு உடையது. அதைக் கொல்வது பெரும்பாலும் நம்மையும் காயப்படுத்தும்.

காதில் கிடைத்த புதியவன்

2009ஆம் ஆண்டு. தோக்கியோவில் ஒரு மருத்துவமனையில் இருந்த 70 வயது மூதாட்டியின் காதுக்குள்ளிருந்து எடுத்த காளான், இதுவரை யாரும் பெயர் வைக்காத புது இனம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இலத்தீனில் காது என்பதற்கு ஆரிஸ் என்று பெயர். கேண்டிடா ஆரிஸ் என்று பெயர் வைத்தார்கள். காதில் இருந்த ஒரு பூஞ்சை, அவ்வளவுதான். யாரும் அலறவில்லை.

இரண்டே ஆண்டுகளில் தென் கொரிய டாக்டர்கள் மூன்று நோயாளிகளின் இரத்தத்தில் அதைக் கண்டதாக எழுதினார்கள். அதில் ஒன்று 1996ஆம் ஆண்டில் எடுத்துச் சேமித்து வைத்திருந்த மாதிரி. அதாவது பெயர் வைப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அது ஒருவரின் இரத்தத்தில் இருந்திருக்கிறது! 2013இல் டெல்லியிலிருந்து டாக்டர் அனுராதா சௌத்ரி குழுவினர் எழுதிய கட்டுரை வந்தது. இரண்டு மருத்துவமனைகள், 12 நோயாளிகள், எல்லாருக்கும் ஒரே வகைக் காளான். ஃபுளுகோனசோலுக்கு அது பணியவில்லை.

அதுவரை ஏன் யாரும் கவனிக்கவில்லை? ஆய்வுக்கூட இயந்திரங்களுக்கு இதன் பெயர் தெரியாது. தெரிந்த பெயர்களில் நெருக்கமான ஒன்றை, பெரும்பாலும் கேண்டிடா ஹெமுலோனி என்பதை, அச்சடித்துக் கொடுத்துவிடும். பிறப்புப் பத்திரம் இல்லாதவன் வேறொருவர் அடையாள அட்டையில் ஊர் ஊராகச் சுற்றிய கதைதான். போதாக்குறைக்கு, இரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்க்கும் சோதனையிலேயே இந்த நோயில் பாதியளவுதான் சிக்குகிறது.

பாகிஸ்தான், இந்தியா, தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா ஆகிய நாடுகளின் 54 நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளின் மரபணுவைப் படித்த ஆய்வு 2017இல் வெளியானது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னின்று செய்தது. ஓரிடத்தில் பிறந்து விமானம் ஏறிப் பரவியிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் நான்கு தனித்தனி வம்சங்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், ஏறத்தாழ ஒரே காலத்தில் மூன்று கண்டங்களில் தலைகாட்டியிருந்தன. இதுதான் விஞ்ஞானிகளின் தூக்கத்தைக் கெடுத்தது.

அக்குளில் வைத்த தெர்மோமீட்டர்

லண்டனில் இதய, நுரையீரல் சிகிச்சைக்குப் பெயர் பெற்ற ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையில் 2015 ஏப்ரலில் முதல் நோயாளியிடம் ஆரிஸ் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய பதினாறு மாதங்களில் எண்ணிக்கை 50. அவர்களில் 9 பேருக்கு இரத்தத்தில். மற்ற கேண்டிடா குடலில் வாழும். இதுவோ தோலில் வாழும், கட்டில் கம்பியிலும் மேசையிலும் பல நாள் உயிரோடு கிடக்கும். நோயாளி இருந்த அறையில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியைச் செலுத்திக் கிருமி நீக்கம் செய்து, நடுவில் ஒரு தட்டு வைத்துப் பார்த்தார்கள். தட்டில் முளைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் ஆரிஸ்தான்! நோயாளிகள் யாரும் இதனால் நேரடியாக இறக்கவில்லை என்று அந்த டாக்டர்கள் பிற்பாடு எழுதினார்கள்.

ஆக்ஸ்ஃபர்டு நகரின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் நடந்ததை நான் படித்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. துப்பறியும் நாவலை மூடி வைக்க மனம் வருமா? மூளை, நரம்பு நோயாளிகளுக்கான தீவிரச் சிகிச்சைப் பிரிவு. 2015 பிப்ரவரிக்கும் 2017 ஆகஸ்டுக்கும் இடையில் 70 பேரிடம் ஆரிஸ். சுவரைத் துடைத்துச் சோதித்தார்கள், காற்றைச் சோதித்தார்கள், பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. கைகழுவும் விதிகளை இறுக்கினார்கள், நோயாளிகளைத் தனிமைப்படுத்தினார்கள், புது நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் யார் யாருக்கு என்னென்ன கருவி பயன்படுத்தப்பட்டது என்று பட்டியல் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். அகப்பட்டது எது தெரியுமா? அக்குளில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் சிறு கருவி. ஒருவருக்கு வைத்துவிட்டுத் துடைத்து அடுத்தவருக்கு வைப்பார்கள். அந்தக் கருவிகளை அப்புறப்படுத்திய பிறகு பரவல் கட்டுக்குள் வந்தது.

இலட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரங்கள் நிறைந்த ஓர் அறையில் காய்ச்சல் பார்க்கும் கருவி! அதைத் துடைக்கும் வேலை யாருடையது? கடைநிலை ஊழியருடையது, அல்லது மூன்று கட்டில்களைக் கவனிக்க வேண்டிய தாதியுடையது. மருத்துவமனைகளில் வழக்கமாகப் பயன்படுத்தும் சில கிருமிநாசினித் திரவங்கள் இந்தக் காளானிடம் சரியாக எடுபடுவதில்லை. குளோரின் கலந்தவை எடுபடும். கைக்கு, ஆல்கஹால் கலந்த சுத்திகரிப்பு நீர் போதும். துப்புரவுப் பணியாளரின் வாளியில் என்ன இருக்கிறது, அதைத் துடைக்க அவருக்கு எத்தனை நிமிடம் கொடுக்கிறார்கள் என்பவை நிர்வாகத்தின் செலவுக் கணக்கில் சில்லறை விஷயங்கள். நோயாளிக்கு அப்படியல்ல.

கோவிட் காலத்தில் இதே கதை வேகமாக நடந்தது. டெல்லியில் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒரு தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கோவிட் நோயாளிகள் 15 பேரின் இரத்தத்தில் கேண்டிடா. அதில் 10 பேருக்கு ஆரிஸ், அந்தப் பத்தில் ஆறு பேர் இறந்தார்கள். ஃபுளோரிடாவில் ஒரு கோவிட் வார்டில் 67 பேரைச் சோதித்தபோது 35 பேரின் உடம்பில் ஆரிஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. தாதியர் தங்களைக் காத்துக்கொள்ள ஒன்றின்மேல் ஒன்றாக உடுப்பும் கையுறையும் அணிந்திருந்தார்கள். அதையே கழற்றாமல் ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததற்குப் போனால் என்னவாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வெளியே சொல்லலாமா?

இந்த வரலாற்றில் எனக்கு உறுத்துவது மௌனம். லண்டன் மருத்துவமனை அரசாங்கத்துக்குத் தெரிவித்தது, ஆனால் பொதுமக்களுக்கு அறிவிக்கவில்லை. 2016 ஜூனில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மருத்துவமனைகளை எச்சரித்தது. 2019 ஏப்ரலில் நியூ யார்க் டைம்ஸ் நாளேடு இந்த மௌனத்தையே முதல் பக்கச் செய்தியாக்கியபோதுதான் உலகில் பலர் ஆரிஸ் என்ற பெயரையே கேள்விப்பட்டார்கள். நோயாளிகள் பயந்து சிகிச்சைக்கே வரமாட்டார்கள் என்பது நிர்வாகங்களின் வாதம். அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஊடகத்தில் இருப்பவள் நான், தலைப்புச் செய்தி எப்படிப் பீதியாக மாறுகிறது என்பதை உள்ளிருந்தே பார்க்கிறேன். ஆனாலும் மறைத்த செய்தி வதந்தியாக வரும்போது அதைவிடப் பெரிய பீதி வருகிறது என்பது என் கருத்து.

மௌனம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. "அப்பாவுக்குக் காளான் கிருமியாம், தனி அறையில் போட்டுவிட்டார்கள்" என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்தார் கூனிக்குறுகிப் போகிறார்கள். சுத்தமில்லாத வீட்டிலிருந்து வந்தவர் என்று பெயர் வந்துவிடுமாம்! போய்ப் பார்ப்பதையே சிலர் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கு இந்தக் காளானால் ஆபத்து மிகக் குறைவு. தாதி சொல்லும் மேலங்கி, கையுறை விதியைக் கடைப்பிடித்து, வெளியே வரும்போது கையைச் சுத்தம் செய்துகொண்டு அப்பாவின் பக்கத்தில் தாராளமாக உட்காரலாம். அவருக்கு அது வந்தது வீட்டு அழுக்கினால் அல்ல.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. "டாக்டர், கழுத்தில் இருக்கும் இந்தக் குழாய் இன்னும் தேவையா? எப்போது எடுப்பீர்கள்?" இதை மரியாதையாகக் கேட்கலாம், தவறே இல்லை. ஆன்ட்டிபயாட்டிக்கை எத்தனை நாள் கொடுப்பார்கள் என்றும் கேட்கலாம். முன்பு வேறு மருத்துவமனையிலோ வெளிநாட்டிலோ சிகிச்சை பெற்றிருந்தால், சேர்க்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.

திடீரென்று இந்த ஆரிஸ் எங்கிருந்து முளைத்தது என்பதற்கு இன்னும் உறுதியான பதில் இல்லை. பூமி சூடாவதால் வெப்பத்தைத் தாங்கப் பழகிய ஒரு காளான் மனித உடம்பின் சூட்டையும் தாங்கக் கற்றுக்கொண்டது என்று 2019இல் ஓர் அனுமானம் முன்வைக்கப்பட்டது. 2021இல் அதே அனுராதா சௌத்ரி குழுவினர் அந்தமான் தீவுகளின் கடற்கரை மணலிலும் உப்புச் சதுப்பு நிலத்திலும் ஆரிஸைக் கண்டெடுத்தார்கள். அனுமானத்துக்கு அது வலு சேர்க்கிறது, நிரூபணம் ஆகிவிடாது.

நம் பக்கம் வருவோம். மலேசியாவில் வெள்ளணுக்கள் குறைந்திருந்த ஒரு நோயாளி ஆரிஸினால் இறந்த விவரம் 2018இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் முதல் முறையாக ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டபோது, 19 பூஞ்சைகளில் மிக முக்கியமான நான்கில் ஒன்றாக ஆரிஸைச் சேர்த்தது. மூன்று குடும்ப மருந்துகளுக்கும் பணியாத சில மாதிரிகளும் அமெரிக்காவில் பதிவாகியுள்ளன.

அதற்குள் உலகில் ஐந்து வம்சங்கள் தெரிந்திருந்தன. ஐந்தாவது ஈரானில் கண்டது. 2023 ஏப்ரலில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் வழக்கமான பரிசோதனையின்போது ஒரு நோயாளியிடம் ஆரிஸ் இருப்பது தெரிந்தது. இப்படி ஒருவர் அகப்பட்டால் முதலில் கேட்பது, "வெளிநாட்டில் சிகிச்சை பெற்றீர்களா?" என்றுதான். இவர் அண்மைய ஆண்டுகளில் வெளிநாட்டுக்கே போகவில்லை. மரபணுவைப் படித்துப் பார்த்தபோது அது ஐந்து வம்சங்களில் எதிலும் சேரவில்லை. சேமிப்பில் இருந்த பழைய மாதிரிகளைத் தேடியதில், சிங்கப்பூரிலேயே அதே வகை வேறு நோயாளிகளிடமும் ஏற்கெனவே இருந்தது தெரிந்தது. பங்களாதேஷ் மாதிரி ஒன்றும் அதனுடன் ஒத்துப்போனது. ஆறாவது வம்சம் என்று 2024இல் அறிவித்தார்கள். இதுவரை சோதித்த மருந்துகளுக்கு அது பணிகிறது.